வயிறு தாண்டாத டைனோசர்

சித்தி என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பேருக்குக் காது கூர்மையாகிவிடும். சூடு போட்டாளா, பட்டினி போட்டாளா என்று துருவ ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தச் சித்தி சூடு போட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தான் பெறாத பிள்ளைக்காக டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். திட்டும் சும்மா இல்லை. அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதில் அப்படி ஒரு வாய். வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடிதான்.

வாயாடியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நெஞ்சு என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், அலமாரியை ஒரு நோட்டம் விட்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாவது மாடியில் இரண்டே அறை கொண்ட அந்த வாடகை வீட்டில் கடைசியில் மிஞ்சியது சித்தியும் வாயாடியும்தான். அப்பா படுத்திருந்த பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அன்றிலிருந்து பிள்ளையைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டாள் சித்தி. அது உதைக்கும், போர்வையைச் சுருட்டும், தூக்கத்தில்கூட யாருடனோ வாதாடும். சித்திக்கு அந்த உதை வேண்டியிருந்தது.

பெற்றவள் உயிரோடுதான் இருந்தாள். வாயாடி நடை பழகிய வயதில் விவாகரத்து ஆகி, வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். யார் மேல் தப்பு என்று கேட்காதீர்கள். செத்தவரிடம் ஒரு கதை இருந்தது, இருப்பவளிடம் ஒரு கதை இருந்தது, இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. எப்போதாவது வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாள். பிறந்தநாளுக்குக் கவுன் அனுப்புவாள். அனுப்பும் கவுன் ஒவ்வொரு தடவையும் சின்னதாக இருக்கும். அவள் மனதில் பிள்ளை கடைசியாகப் பார்த்த உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது போல.

வாயாடியின் அப்பா போன பிறகு நர்ஸ் அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தாள். இரண்டு பெண்களுக்கும் ஒருத்தியை ஒருத்தி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சக்களத்தி என்று ஒரு வார்த்தை இருக்கத்தான் செய்கிறது. அதை வாயில் வைத்துக் கூப்பிட முடியுமா? அதனால் ஒருத்தி "நான்தாங்க" என்பாள், மற்றவள் "ஆங், சொல்லுங்க" என்பாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவளை என்கூட வெச்சுக்கலாம்னு இருக்கேன். பெரிய வீடா மாத்திட்டேன். அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

சித்தி என்ன சொல்ல முடியும்? துணி துவைக்கிற கடையில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. கடைக்கு வரும் வக்கீல் ஒருவரிடம், அவருடைய கறுப்புக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுப் பார்த்தாள். "பெத்தவங்க இருக்கும்போது உங்க பக்கம் கோர்ட்டுல நிக்காதும்மா," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அவளே சொல்லட்டும்," என்றாள் சித்தி போனில்.

"ஆமா, அவளா மனசு வந்து வரணும். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர எனக்கு எங்க முகம் இருக்கு?" என்றாள் நர்ஸ்.

போன் வாயாடியின் கைக்குப் போனது. சித்தி சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது போல நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டாள். வாயாடி கொஞ்ச நேரம் உம் கொட்டினாள். அவள் உம் கொட்டுவதே அதிசயம். பிறகு கணீரென்று சொன்னாள்:

"வரேன்மா. ஆனா எனக்கு ஒரு டைனோசர் தலையணை வேணும். பெருசா. கடையில வாங்கக் கூடாது. சித்திதான் பின்னணும். அது முடிஞ்சதும் வரேன்."

சித்திக்குக் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. அடி கள்ளி! போகாமல் இருக்க என்ன சாமர்த்தியமாக ஒரு முட்டுக்கட்டை போடுகிறாள் என்று நினைத்து நெஞ்சு பூரித்துப் போனாள். நேராகச் சொன்னால் பெற்றவள் மனம் நோகும் என்று பிள்ளை சுற்றி வளைக்கிறது. சித்திக்குப் புரியாதா? புரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நினைப்பில்தான் எல்லாம் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உல்லன் நூல் கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா பச்சை நூல்களை எடுத்துப் போட்டாள்.

"பச்சை வேணாம்," என்றாள் வாயாடி.

"டைனோசர் பச்சைதானே பாப்பா?"

"நீங்க பாத்தீங்களா?"

கடைக்காரம்மா மற்ற நிறங்களையும் எடுத்துப் போட்டாள். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில், தொட்டால் பூனை முதுகு போல இருக்கும் வெல்வெட் நூல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாயாடி விடவில்லை. அந்த நிறத்தில் கடையில் இருந்ததை எல்லாம் வாங்கினார்கள். இனி அந்த நூல் வராது, கம்பெனியே நிறுத்திவிட்டது என்றாள் கடைக்காரம்மா. சித்தி ஒரு முழம் நீளத்தில் பின்னினால் போதும் என்று கணக்குப் போட்டாள். வாயாடி தலையை ஆட்டினாள்.

"என் நீளத்துக்கு வேணும்."

"உன் நீளமா? அது தலையணையா, மெத்தையாடி?"

"என் நீளம்தான். வாலைச் சேர்க்காம."

சித்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பெரிதாகக் கேட்டால் நாளாகும் அல்லவா? கணக்குத் தெரிந்த பிள்ளை என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே தொடங்கினாள். வெல்வெட் நூலில் பின்னுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சாதாரண நூலில் கொக்கி வைத்த குரோஷா ஊசி எந்தக் கண்ணிக்குள் போக வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். இதில் எல்லாம் மயிராக மூடிக்கொள்ளும். இடது கை விரலால் தடவித் தடவிக் கண்ணியைக் கண்டுபிடித்து ஊசியை விட வேண்டும். வரிசை எங்கே தொடங்கியது என்று மறக்காமல் இருக்க ஊக்கு குத்தி வைக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பத்து வரிசை தாண்டித்தான் தெரியும், உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும்.

மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். தலை வந்தது. வாயாடி பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் மேற்பார்வை பார்த்தாள். பல் வேண்டும் என்றாள், பிறகு வேண்டாம் என்றாள். "இது யாரையும் கடிக்காத டைனோசர். அதுக்குப் பல்லு எதுக்கு?" கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான் தைத்தபோது, ஒரு கண் சற்று மேலேறிவிட்டது. "பரவால்ல விடு, யோசிக்கிற மாதிரி இருக்கு," என்று வாயாடியே மன்னித்துவிட்டாள். கழுத்து வந்தது. கழுத்துக்குள் பஞ்சைத் திணிக்கும் வேலை வாயாடிக்கு. ஊசிப் பின்பக்கத்தால் குத்திக் குத்தித் திணிப்பாள். வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். அவர் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தச் சாயங்காலங்களில்தான்.

கழுத்து முடிந்து வயிறு விரிய ஆரம்பித்தபோது சித்திக்குப் பயம் வந்தது. என்ன வேகமாகப் போகிறது இது! இப்படியே போனால் பள்ளி விடுமுறை விடுவதற்குள் வால் வந்துவிடும். அன்று கண்ணி எண்ணிக்கை தவறி, வயிறு ஒருபக்கம் புடைத்துவிட்டது. நிஜமாகவே தவறியதுதான், வேண்டுமென்று செய்ததில்லை. மறுநாள் தப்பாகப் போன வரிசைகளைப் பிரித்தாள். நர்ஸ் போன் செய்தபோது, "வயித்துல தப்பாயிடுச்சு, பிரிச்சுட்டேன்," என்றாள். "அவசரமில்லீங்க," என்றாள் நர்ஸ். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அதன்பிறகு தப்பு தானாக வரக் காத்திருக்கவில்லை அவள்.

சாயங்காலம் வாயாடியின் கண்ணெதிரே பின்னுவாள். மறுநாள் டைனோசரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இஸ்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தின நாள் பின்னியதில் முக்கால்வாசியை உருவிவிடுவாள். வாயாடி கேட்டால் கண்ணி தவறிவிட்டது என்பாள். நம்புகிற மாதிரிதான் இருந்தது, அந்த நூலில் தவறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதெல்லாம் பிள்ளையும் தானும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் என்றே சித்தி எண்ணிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து பேசிக்கொள்ளாத கூட்டு.

கடையில் பட்டன் தைக்கவும் கால்சட்டை மடிக்கவும் ஒரு தையல்காரர் இருந்தார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்னம்மா இது, நேத்தும் வயிறு, முந்தாநேத்தும் வயிறு. உன் டைனோசருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே கிடையாதா?"

"கண்ணி தப்பாயிடுச்சுண்ணே."

"தினமுமா தப்பாகும்? கறை எடுக்கிறப்போ பட்டுத் துணியில ஒரு இழைகூட நகராது உன் கையில. என்கிட்டயே கதை விடுறியே!" தரையைக் காட்டினார். "இங்க பாரு, கீழ எவ்வளவு கொட்டிக் கிடக்குன்னு. ஆட்டை மொட்டையடிச்ச மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தாள். இஸ்திரி மேசைக்கு அடியில் கத்தரிப்பூ நிறத்தில் மயிர் மயிராகக் கிடந்தது. கையிலிருந்த நூலைப் பார்த்தாள். வெல்வெட் நூலைப் பிரிக்கப் பிரிக்க அதன் மயிர் உதிர்ந்துகொண்டே வரும். ஒரு தடவை பிரித்தால் தாங்கும். இவள் அதே நீள நூலைத் திரும்பத் திரும்ப உருவியதில் மயிரெல்லாம் கொட்டி, உள்ளே இருந்த வெள்ளை இழை எலும்பு போலத் துருத்திக்கொண்டு நின்றது. மென்மையான ஒன்றை இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் மறுபடி உருவினாள். வேறு என்ன செய்வாள்? அவளிடம் வேறு ஆயுதம் இல்லை.

நடுவில் நர்ஸ் ஒரு தடவை அழைத்தாள். "அவளுக்கு இப்ப என்ன அளவுங்க? நான் வாங்குறது எல்லாம் சின்னதாவே போயிடுது. ரூம்ல மாட்டி வைக்க நாலு துணி எடுக்கலாம்னு." அந்தக் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. தப்பான அளவைச் சொல்லிவிட்டால் என்ன என்று சித்திக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மனசு அப்படித்தான், குரங்கு. ஆனால் சரியான அளவைத்தான் சொன்னாள். கை நீளமாக எடுக்கச் சொன்னாள், வாயாடி சட்டைக் கையை இழுத்து மூக்கைத் துடைக்கும் ரகம் என்று. இருவரும் லேசாகச் சிரித்தார்கள். போனை வைத்ததும் சித்திக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமாக வந்தது. கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

விடுமுறை விட்டாகிவிட்டது. டைனோசர் இன்னும் வயிற்றைத் தாண்டவில்லை.

ஒரு ஞாயிறு பகலில், வாயாடியின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துவட்ட வந்தபோது, கட்டிலில் அவள் டைனோசருக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்திருந்தாள். ஈரத் தலையோடு. டைனோசரின் மூக்கைத் தன் மூக்கோடு சேர்த்து வைத்து, அதன் வயிறு எதுவரை வருகிறது என்று கையால் அளந்துகொண்டிருந்தாள்.

"இடுப்பு வரைக்கும்தான் வருது," என்றாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "ஏன் சித்தி இது வளரவே மாட்டேங்குது?"

"வளரும், வளரும். தலையை இங்க காட்டு, சளி பிடிக்கப் போவுது."

"நான் பக்கத்துல உக்காந்து எண்ணட்டுமா? ஒவ்வொரு கண்ணியா எண்ணுறேன். அப்ப தப்பாகாதுல்ல?"

"அட, என்னடி அவசரம் உனக்கு?" என்று சித்தி சிரித்துக்கொண்டே துண்டால் அவள் தலையைத் துவட்டினாள். கூட்டாளியிடம் கண்ணடிப்பது போல, "மெதுவாப் பின்னினா நமக்கு நல்லதுதானே?" என்றாள்.

வாயாடி துண்டுக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டாள். துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சித்தி, நீ அழ மாட்டேன்னு சொன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு."

"அழ மாட்டேன்னு சொல்லு முதல்ல."

"அழல. சொல்லு."

"எனக்கு அம்மாகிட்டப் போகணும்னு ஆசையா இருக்கு."

சித்தியின் கை துவட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

"உன்னைப் பிடிக்காம இல்ல," என்று வாயாடி அவசர அவசரமாகச் சொன்னாள். "உன்னை ரொம்பப் பிடிக்கும். ஆனா அம்மாவையும் பாக்கணும் போல இருக்கு. அந்த ரூமைப் பாக்கணும். நான் போயிட்டா நீ தனியாப் படுக்கணும்ல? அப்பாவும் இல்ல, நானும் இல்ல, அந்தப் பக்கம் காலியாக் கிடக்கும். அதான் டைனோசர் கேட்டேன். என் இடத்துல படுத்துக்கும். அது முடிஞ்சாத்தான் போகணும்னு இருந்தேன். அது என்னடான்னா முடியவே மாட்டேங்குது. அம்மா வேணாம்னு விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு சித்தி."

சொல்லிவிட்டு விசும்பினாள். எத்தனை நாளாக நெஞ்சில் வைத்திருந்தாளோ. ஊரையே பேசித் தீர்க்கிற வாய், இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தது.

சித்திக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பிள்ளை தனக்காகப் போட்ட முடிச்சை, தன்னோடு சேர்ந்து போட்ட முடிச்சு என்று எண்ணி இத்தனை நாள் இறுக்கியிருக்கிறாள். தாயைப் பார்க்க ஏங்குகிற குழந்தையைத் தினம் மத்தியானம் இஸ்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னுக்கு இழுத்திருக்கிறாள். சூடு போட்டால்தான் கொடுமையா? துண்டோடு அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அழ மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா விட மாட்டாங்கடி. உனக்காகத் துணியெல்லாம் வாங்கி மாட்டி வெச்சிருக்காங்க. இந்தத் தடவை சரியான அளவு."

"நிஜமா?"

"நிஜமா. நான்தானே அளவு சொன்னேன்?"

அன்றே உட்கார்ந்தாள். வாயாடி எதிரில் சம்மணம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக உரக்க எண்ணினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கைக்கு வேகம் இருந்தது, எப்போதும் இருந்ததுதான். கடையில் நூல் கிடையாது என்பதால், உருவி உருவி மொட்டையாகிப் போன நூலையும் சேர்த்தே பின்ன வேண்டியிருந்தது. முதுகுக்கும் வாலுக்கும் நல்ல நூலை ஒதுக்கிவிட்டு, வயிற்றின் அடிப்பக்கத்தில் மொட்டை நூலை வைத்தாள். வெள்ளை இழைகள் அங்கங்கே தெரிந்தன. "வயித்துல சொறியா அதுக்கு?" என்றாள் வாயாடி. "ஆமா, சொறிஞ்சு விடு," என்றாள் சித்தி. நான்கு கால்கள், முதுகில் மஞ்சள் முட்கள், கடைசியாக நீள வால். வாலின் நுனியில் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டு வெட்டினாள். போனை எடுத்தாள்.

"நான்தாங்க. முடிஞ்சுடுச்சு. வாங்க."

நர்ஸ் சனிக்கிழமை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பது போல நின்றாள். வாயாடி ஒரு நிமிடம் சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அடுத்த நிமிடம் ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் அப்படியே தரையில் மண்டியிட்டு அழுதாள். சித்தி தண்ணீர் கொண்டுவரப் போகிற சாக்கில் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சற்று நின்றாள்.

பெட்டிகள் கீழே போயின. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வாயாடி கடைசியாகப் படுக்கையறைக்குள் போனாள். அவளுடைய பக்கத்தில் டைனோசரைப் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். "உதைக்காத, சமர்த்தாப் படுத்துக்கோ," என்று அதற்குப் புத்தி சொன்னாள். பிறகு நகராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் முதுகைத் தடவினாள். மேலேறிய அந்தக் கண்ணைத் தொட்டாள். எட்டு வயதுதானே? ஆசை ஆசையாக எண்ணி எண்ணி வளர்த்த டைனோசர். முகம் கோணிக்கொண்டு வந்தது. சித்தியைப் பார்த்தாள், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தி போர்வையை விலக்கி டைனோசரைத் தூக்கினாள். அவள் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போ."

"ஐயோ, அது உனக்கு."

"புது ரூம்ல முதல் நாள் தூக்கம் வராதுடி. கூட இருக்கட்டும்."

"உனக்கு?"

"எனக்கு வேற ஒண்ணு பின்னிக்கத் தெரியாதா? இதைப் பின்னினதே நான்தானே?"

வாயாடியின் முகம் மலர்ந்தது. ஆனாலும் விடவில்லை. "சத்தியமா பின்னுவியா? என் நீளத்துக்கு?"

"உன் நீளத்துக்கு. வாலைச் சேர்க்காம."

தன்னைவிடப் பெரிய பொம்மையைக் கட்டிக்கொண்டு, வால் படிக்கட்டில் இழுபட, அவள் இறங்கிப் போனாள். மூன்று மாடியும் பேசிக்கொண்டே இறங்கினாள். சத்தம் கேட்கும் வரை சித்தி மேலேயே நின்றாள். வாக்குக் கொடுத்தபடி அழவில்லை. வண்டி போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வாக்குக்கு இனி வேலை இல்லை என்பது போல அழுது தீர்த்தாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. புது ரூம், ஜன்னல், சேரப்போகிற பள்ளிக்கூடம் எல்லாம் கொட்டித் தீர்த்தபின், "ஆரம்பிச்சுட்டியா?" என்று வாயாடி கேட்டாள்.

"ஆரம்பிச்சுட்டேனே! மூக்கு வந்துடுச்சு."

மூக்கும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஊசியை எடுத்தால் எதிரில் எண்ணுகிற குரல் இல்லை. கை ஓடவில்லை. நூல்கூட வாங்கவில்லை அவள். ஆனால் போன் வருகிற ஞாயிறுகளில் எல்லாம் டைனோசர் வளர்ந்தது. என்ன கலர் என்று வாயாடி கேட்டாள், பச்சை என்றாள் சித்தி. "பச்சையா! சே!" என்று அங்கிருந்து ஒரு கத்தல். அடுத்த ஞாயிறு கண் வைத்தாகிவிட்டது, இரண்டு கண்ணும் நேராக. பிறகு கழுத்து. "வயித்துல ஜாக்கிரதை," என்று எச்சரித்தாள் வாயாடி. "வயித்தைத் தாண்டிட்டேன்," என்றாள் சித்தி. கால்கள் வந்தன. வாரம் முழுக்க, கறை எடுத்துக்கொண்டே, அடுத்த ஞாயிறு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். இல்லாத டைனோசரை அவள் அவ்வளவு அக்கறையாகப் பின்னினாள். ஏனென்றால் அது முடியும் வரை பிள்ளைக்கு இங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது.

அந்த ஞாயிறு வால் முடிய வேண்டும். முடிந்துவிட்டது, பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன், உன்னை மாதிரியே உதைக்கிறது என்று சொல்ல வாய் வரை வைத்திருந்தாள்.

போன் சாயங்காலம்தான் வந்தது. மூச்சிரைக்கப் பேசினாள் வாயாடி. நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். பக்கத்து வீட்டில் ஒரு சிநேகிதியாம், அவளும் வாயாடியாம், இரண்டு பேரையும் டீச்சர் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டாராம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டதாம். சித்தி சிரித்துச் சிரித்துக் கேட்டாள். இதோ இப்போது கேட்பாள், இதோ இப்போது கேட்பாள் என்று காத்திருந்தாள்.

"சரி சித்தி, வைக்கட்டா? அம்மா கூப்பிடுறாங்க. அவளும் வந்துட்டா, விளையாடப் போறோம்."

"போய்ட்டு வாடி. ஜாக்கிரதையா விளையாடு."

போன் அணைந்தது. நல்லதுதான், பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது, இதைத்தானே வேண்டினோம் என்று சித்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். அப்படியும் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

"வாலும் முடிஞ்சுடுச்சுடி," என்றாள் அதனிடம்.